எடை இயந்திரம் சொல்லாதது: அமெரிக்க அதிபர்களின் உடலும் மக்களின் கண்ணும்

கேள்வி இது: "தன் உடம்பையே அடக்கத் தெரியாதவர் ஒரு நாட்டை எப்படி ஆள்வார்? அமெரிக்காவில் குண்டான வேட்பாளர்களைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்களே, அதில் நியாயம் இருக்கிறதா? உடற்தகுதியைத் தலைமைக்கு அளவுகோலாகக் கொள்ளலாமா?"

நியாயம் இல்லை என்பதுதான் என் பதில். தலைவரின் உடல்நலம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அதிபர் பதவி ஆளைப் பிழிந்தெடுக்கும் வேலை. அதில் இருப்பவர் கடும் நோயாளி என்றால் மக்கள் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் உடம்பின் பருமனைப் பார்த்து மக்கள் எழுதும் தீர்ப்பும் அந்த உடம்புக்குள் நடப்பதும் திரும்பத் திரும்ப எதிரெதிராகவே போயிருக்கின்றன. அமெரிக்க அதிபர்கள் விஷயத்தில் இதை ஆதாரத்தோடு பேச முடியும். அவர்களில் பலருடைய மருத்துவக் குறிப்புகள் பின்னாளில் வெளிவந்துவிட்டன.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் இழுக்கப்படுபவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். 1909 முதல் 1913 வரை அதிபர். பதவியேற்றபோது எடை ஏறத்தாழ 160 கிலோ. அவரைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் ஒரு கதை தெரியும்: வெள்ளை மாளிகைக் குளியல் தொட்டியில் சிக்கிக்கொண்டார், ஆட்கள் வந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். டாஃப்ட் இறந்து நாலு வருடம் கழித்து, 1934இல் வெளியான வெள்ளை மாளிகை ஊழியர் ஒருவரின் நினைவுக் குறிப்பிலிருந்து கிளம்பிய கதை இது. அவர் வாழ்ந்த காலத்துச் சான்று எதுவும் இதற்கு இல்லை. அவருக்காகப் பெரிய தொட்டி செய்தது மட்டும் உண்மை. 1909இல் அவர் பனாமா போன போர்க்கப்பலுக்காகச் செய்த தொட்டி ஏழடிக்கும் சற்று அதிக நீளம். அதற்குள் நாலு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதரின் நாற்பது வருடப் பொதுவாழ்க்கையைச் சந்தேகத்துக்குரிய ஒரு தொட்டிக் கதை விழுங்கிவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த மனிதர் தன் உடம்பைப் பற்றி அக்கறையில்லாமல் இருந்தாரா? அவருடைய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. 1905இல், போர்த்துறைச் செயலராக இருந்தபோது, லண்டனில் உடல்பருமன் சிகிச்சையில் பேர்பெற்ற நதானியேல் யார்க்-டேவிஸ் என்ற மருத்துவருக்கு டாஃப்ட் தானே எழுதிக் கேட்டுக்கொண்டார். அப்போது எடை 142 கிலோ. மருத்துவர் அட்டவணை போட்டு அனுப்பினார்: காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர், கொழுப்பில்லாத இறைச்சி, மீன், காய்கறி. சர்க்கரை கூடாது. டாஃப்ட் தினமும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு அந்தக் கணக்கைக் கடல் கடந்து அனுப்பினார். சில மாதங்களில் இருபத்தைந்து கிலோவுக்கும் மேல் குறைந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓயாத பசி என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு எடை திரும்பி வந்தது. வந்ததோடு நிற்காமல் பழைய அளவையும் தாண்டியது.

உணவுக் கட்டுப்பாட்டில் எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். எடை குறைந்த உடம்பு பசியைக் கூட்டி, எரிசக்திச் செலவைக் குறைத்து, பழைய எடைக்குப் போகவே முயல்கிறது என்பது இன்றைக்கு மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். மன உறுதி ஒன்றே போதும் என்றால் டாஃப்டிடம் அது குறைவாக இருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளின் நிர்வாகத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். அங்கே இருந்தபோது நீண்ட தூரம் குதிரையில் போய்வந்ததாகவும் உடம்பு நன்றாக இருப்பதாகவும் வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். அப்போதைய போர்த்துறைச் செயலர் எலிஹு ரூட் அனுப்பிய பதில்: "குதிரை எப்படி இருக்கிறது?" டாஃப்ட் அதை ரசித்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சிரித்து ஏற்றுக்கொள்ளும் குண்டு மனிதர் என்ற வேடத்தை நாடு அவருக்குத் தந்திருந்தது, அவரும் அதை அணிந்துகொண்டார். மனசுக்குள் அது எப்படி உறுத்தியது என்பதை லண்டன் மருத்துவருக்குப் போன கடிதங்களில்தான் பார்க்க முடிகிறது.

பகலில் அவர் தூங்கி விழுவதும் பேச்சானது. கூட்டங்களில், இசை நிகழ்ச்சிகளில், பேசிக்கொண்டிருக்கும்போதே கூட. அவருடைய ராணுவ உதவியாளர் ஆர்ச்சி பட், 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப் போனவர், தன் கடிதங்களில் இதைக் கவலையோடு எழுதியிருக்கிறார். அன்றைக்கு இதைச் சோம்பல் என்றார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியா அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்று அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். குறட்டை, பகல் தூக்கம், எடை குறைந்ததும் அந்தத் தூக்கம் மறைந்தது என எல்லாம் பொருந்துகிறது. அந்த நோய்க்கு அப்போது பெயரும் கிடையாது, மருந்தும் கிடையாது.

1912 தேர்தலில் டாஃப்டுக்கு யூட்டா, வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள். மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் குழுவில் கிடைத்த வாக்குகள் எட்டு. குண்டாக இருந்ததால் மக்கள் கைவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே உடம்போடுதான் 1908இல் 321 வாக்குகள் வாங்கி ஜெயித்தார். இடையில் மாறியது அரசியல். 1909ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் கட்சியின் முற்போக்காளர்களைக் கசக்க வைத்தது. காட்டுவளப் பாதுகாப்பில் வந்த பாலிஞ்சர்–பின்ஷோ தகராறு பிளவை ஆழமாக்கியது. கடைசியில் அவரை அதிபராக்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டே எதிர்த்து நின்று குடியரசுக் கட்சியின் வாக்கை இரண்டாகப் பிளந்தார். டாஃப்ட் நாலே வருடத்தில் ரூஸ்வெல்ட் ஏழரை வருடத்தில் தொடுத்ததைவிட அதிகமான ஏகபோக எதிர்ப்பு வழக்குகளைத் தொடுத்தவர். மக்கள் மனதில் ஏகபோகங்களை நொறுக்கியவர் என்ற பெயர் என்னவோ ரூஸ்வெல்ட்டுக்குத்தான்.

தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தலைவரின் உடம்பை அரசியல் சரக்காக மாற்றியதில் அவருக்கு முன்னோடிகள் குறைவு. சிறு வயதில் ஆஸ்துமாவில் மூச்சு வாங்கிய பையன், உடற்பயிற்சியால் தன்னைத் தேற்றிக்கொண்டார். 1899இல் சிகாகோவில் கடின உழைப்பு வாழ்க்கையைப் போற்றி ஆற்றிய உரை அவர் அடையாளமாகவே ஆனது. வெள்ளை மாளிகையில் குத்துச்சண்டை போட்டார். அதில் விழுந்த அடியில் இடது கண் பார்வை போயிற்று. ராணுவ அதிகாரிகளுக்குக் குதிரையேற்றச் சோதனை வைத்ததும் முணுமுணுப்பு எழ, 1909 ஜனவரியில் தானே குளிரிலும் பனிமழையிலும் வர்ஜீனியாவின் வாரன்டன் வரை ஒரே நாளில் போய்த் திரும்பினார். தொண்ணூறு மைலுக்கும் மேல். 1912இல் மில்வாக்கியில் மார்பில் குண்டு பாய்ந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த உரைத்தாள்களும் கண்ணாடிக் கூடும் வேகத்தைக் குறைத்தன. குண்டு உள்ளேயே இருக்க, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

இதெல்லாம் உண்மையான துணிச்சல், சந்தேகமில்லை. அதே ரூஸ்வெல்ட், எந்தப் படம் மக்கள் கண்ணில் படலாம் என்பதில் படு கவனமாக இருந்தவரும்கூட. 1908 பிரசாரத்தின்போது டாஃப்டுக்கு எழுதிய கடிதத்தில், கோல்ஃப் ஆடும் படம் வந்தால் ஆபத்து என்று எச்சரித்தார். குதிரைமேல் இருக்கும் படம் பரவாயில்லை, டென்னிஸ் படமும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. தான் விரும்பி ஆடிய டென்னிஸை அவர் கேமராவுக்குக் காட்டவில்லை. பணக்காரர் ஆட்டமாகத் தெரிந்துவிடும் என்ற பயம்.

இன்னொன்று. அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டும் ஒல்லி இல்லை. எடை தொண்ணூறு கிலோவுக்கு மேல், உயரம் ஐந்தடி பத்து அங்குலத்துக்குள். உயரத்தோடு எடையை ஒப்பிடும் இன்றைய பி.எம்.ஐ. கணக்கில் அதிக எடைப் பட்டியலில் தயக்கமின்றிச் சேர்ப்பார்கள். யாரும் அவரைக் குண்டு என்று சொல்லவில்லை. கை வீசிப் பேசுவதையும் மலை ஏறுவதையும் பார்த்தார்கள், இடுப்புச் சுற்றளவைப் பார்க்கவில்லை. மக்கள் தலைவரை எடைபோடுவது எடையைக் கொண்டல்ல, அசைவைக் கொண்டு என்று நான் கருதுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ரூஸ்வெல்ட் 1919 ஜனவரியில், அறுபது வயதில் இறந்தார். 1914இல் அமேசான் காட்டு ஆற்றில் பட்ட காயமும் காய்ச்சலும் அவரை உருக்கியிருந்தன. டாஃப்டோ அதிபர் பதவி போனதும் முப்பது கிலோவுக்கும் மேல் குறைத்தார், பழையபடி ஏறவிடவில்லை. 1921இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். இரண்டு பதவிகளையும் வகித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். எந்த வழக்குகளை விசாரிப்பது என்று உச்ச நீதிமன்றமே பெரும்பாலும் முடிவு செய்யும் உரிமையைத் தந்த 1925ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பாடுபட்டுக் கொண்டுவந்தது. நீதிமன்றத்துக்கென்று தனிக் கட்டடம் வேண்டும் என்று போராடிப் பணம் ஒதுக்க வைத்ததும் அவரே. நீதிமன்றத்துக்கு நடந்தே போவார். 1930இல், 72 வயதில் இறந்தார். வீரத் தோற்றம் கொண்டவரைவிடப் பன்னிரண்டு வருடம் கூடுதல் ஆயுள். இதை வைத்துப் பருமன் நல்லது என்று சொல்ல முடியாது. பருமன் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் கேடு என்பதில் மருத்துவத்துக்கு ஐயமில்லை. ஒரு தனி மனிதரின் உடம்பை வெளியிலிருந்து பார்த்து அவருடைய நாளையைச் சொல்ல முடியாது என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவரின் தொந்தி எப்போதும் பழிக்கப்பட்டதா என்றால் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கனத்த உடம்பு வசதிக்கும் கௌரவத்துக்கும் அடையாளம். 1903இல் வெர்மான்டில் குண்டர் சங்கமே தொடங்கினார்கள், சேர்வதற்குக் குறைந்தபட்சம் தொண்ணூறு கிலோ இருக்க வேண்டும். ஆனால் அதே காலத்தில் இன்னொரு படமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1870களில் தாமஸ் நாஸ்ட், நியூயார்க்கின் ஊழல் அரசியல்வாதி ட்வீடை வயிறு பிதுங்க வரைந்த கேலிச்சித்திரங்கள், பெருத்த அரசியல்வாதி என்றால் பொதுப்பணத்தைத் தின்றவன் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் எடையையும் மரணத்தையும் இணைத்துப் பட்டியல் போட்டன. வீட்டுக்கு வீடு எடை இயந்திரம் வந்தது. எடை என்பது அளவாக இருந்தது போய் ஒழுக்கமாக மாறியது. டாஃப்ட் அதிபரானது சரியாக அந்தத் திருப்பத்தில்.

அவருக்குச் சற்று முன் ஆண்ட குரோவர் கிளீவ்லேண்டும் நூறு கிலோவைத் தாண்டியவர்தான். ஆனால் அவர் விஷயத்தில் நாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டியது வயிறு அல்ல, வாய். 1893 ஜூலை 1 அன்று, பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஒனிடா என்ற உல்லாசப் படகில் ரகசியமாக அவருடைய மேல்தாடையில் இருந்த கட்டியை அறுத்தெடுத்தார்கள். நண்பரின் படகில் மீன்பிடிக்கப் போனார், பல்வலி என்று வெளியே சொன்னார்கள். ஆகஸ்டு கடைசியில் இ. ஜே. எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் விவரமாக எழுதியபோது, அவரைப் பொய்யர் என்று தூற்றினார்கள். அறுவையில் பங்கெடுத்த மருத்துவர் கீன் 1917இல் உண்மையை எழுதும்வரை இருபத்து நாலு வருடம் எட்வர்ட்ஸ் அந்தப் பழியைச் சுமந்தார். வயிற்றைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், புற்றுநோயைப் பற்றி எழுதியவர் தண்டிக்கப்பட்டார்.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கதை இதைவிடக் கனமானது. 1921இல், 39 வயதில் போலியோ தாக்கியது. அதற்குப்பின் காலில் எஃகுக் கம்பிகளும் பிறர் தோளும் இல்லாமல் அவரால் நிற்க முடிந்ததில்லை. சக்கர நாற்காலியில் அவரைக் காட்டும் படங்கள் மிகமிக அரிது, பத்திரிகையாளர்கள் எடுப்பதைத் தவிர்த்தார்கள், எடுத்தாலும் பாதுகாவலர்கள் தடுத்தார்கள். அந்த மறைப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நடக்க முடியாதவர் ஆளவும் முடியாது என்று நம்பிய காலம் அது. அவர் மந்தநிலையையும் உலகப்போரையும் எதிர்கொண்டு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார். மன்னிக்க முடியாதது 1944இல் நடந்தது. மார்ச்சில் இதயநோய் நிபுணர் ஹோவர்ட் ப்ரூன் அவரைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108, இதயம் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. அதிபரின் சொந்த மருத்துவர் மெக்கின்டையர் காது மூக்கு தொண்டை நிபுணர். வயதுக்கு ஏற்ற நல்ல உடல்நிலை என்று அவர் வெளியே சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டில் ரூஸ்வெல்ட் எடை குறைந்தார். ஒல்லியானது ஆரோக்கியம் என்று விளக்கம் தரப்பட்டது. அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில் கொட்டும் மழையில் திறந்த காரில் மணிக்கணக்காக ஊர்வலம் போனார். நனைந்து சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்து உடல்நிலை பற்றிய பேச்சு அடங்கியது, நாலாவது முறையும் ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார். துணை அதிபராகி மூன்று மாதம்கூட ஆகாத ட்ரூமன், பதவியேற்ற பிறகுதான் அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரத்தை அறிந்தார். தோற்றத்தைப் பார்த்து ஏமாறுவதற்கு ஒரு நாடு கொடுக்கக்கூடிய விலை எவ்வளவு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று மாதங்கள்தான் நினைவுக்கு வரும்.

இனி கென்னடி. உடற்தகுதியைப் பற்றிப் பேசுபவர்கள் எப்போதும் தூக்கிப் பிடிப்பது இவரைத்தான். 1960 செப்டம்பர் 26, சிகாகோ, முதல் தொலைக்காட்சி விவாதம். ஒருபக்கம் வெயிலில் காய்ந்த நிறத்தில், மெலிந்து நிமிர்ந்த கென்னடி. மறுபக்கம் வெளுத்துப்போய், சட்டைக் கழுத்து தொளதொளக்க, தாடி நிழலை மறைக்கப் பவுடர் பூசிய நிக்சன். ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்ததாக நினைத்தார்கள் என்பது மிகச் சிறிய, பலவீனமான ஒரு கணக்கெடுப்பின்மேல் கட்டிய கதை, அதை விட்டுவிடுவோம். மேடையில் இருந்த இரண்டு உடம்புகளைப் பாருங்கள். நிக்சன் முழங்கால் கிருமித் தொற்றால் ஆகஸ்டில் மருத்துவமனையில் கிடந்து எடை குறைந்து வந்திருந்தார். அது ஆறிவிடும் நோய். கென்னடிக்கு இருந்தது அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய், 1947இலேயே லண்டனில் கண்டுபிடித்தது. வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு. 1954 முதுகு அறுவையில் சாவின் விளிம்புக்கே போய் வந்தார். அடிசன் நோயில் தோல் நிறம் கருக்கும். வெயிலில் ஆடித் திரிந்த நிறம் என்று மக்கள் ரசித்ததில் நோயின் பங்கும் இருந்திருக்கக்கூடும்.

அந்த ஜூலையில், கட்சி வேட்பாளர் இடத்துக்குக் கென்னடியோடு போட்டியிட்ட லிண்டன் ஜான்சன் தரப்பு ஆட்கள் அடிசன் நோய் பற்றி வெளிப்படையாகவே சொன்னார்கள். கென்னடி தரப்பு மருத்துவச் சொற்களால் சாமர்த்தியமாக மறுத்தது. தேர்தலில் ஜெயித்த கையோடு, டிசம்பரில், அமெரிக்கர்கள் உடல் தளர்ந்து மென்மையாகிவிட்டார்கள் என்று கண்டித்து ஒரு விளையாட்டு வார இதழில் கட்டுரை எழுதினார் கென்னடி. 1963 தொடக்கத்தில், தியோடர் ரூஸ்வெல்ட்டின் பழைய உத்தரவு ஒன்றை அவர் தூசு தட்டி எடுக்க, ஐம்பது மைல் நடைப் பித்து நாடெங்கும் பரவியது. தம்பி ராபர்ட், சாதாரணத் தோல் ஷூவோடு முழுதும் நடந்து முடித்தார். அண்ணனால் அது முடிந்திருக்காது. 1961 மே மாதம் ஒட்டாவாவில் மரம் நடும்போது முதுகைப் பிடித்துக்கொண்டதிலிருந்து கேமராக்கள் இல்லாத இடங்களில் ஊன்றுகோலோடுதான் நடந்துகொண்டிருந்தார்.

அவரை ஓரளவு நிமிர வைத்தவர் ஹான்ஸ் கிரவுஸ் என்ற மருத்துவர். 1950களில் இவரும் இவருடைய சகாக்களும் எடுத்த தசைவலுச் சோதனையில் அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் தோற்றார்கள், ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த அதிர்ச்சியில்தான் ஐசன்ஹோவர் 1956இல் இளைஞர் உடற்தகுதிக்கு ஒரு குழு அமைத்தார். அதே கிரவுஸ் 1961 இலையுதிர் காலத்திலிருந்து கென்னடிக்கு உடற்பயிற்சி சொல்லித் தந்தார். வலுவிழந்த தசைகளைப் பொறுமையாகப் பலப்படுத்தினார், முதுகு தேறியது. உடற்தகுதி என்று நான் மதிப்பது இதைத்தான். காலில் கம்பி கட்டியவருக்கும் அது உண்டு, நூற்றிருபது கிலோ இருப்பவருக்கும் உண்டு. இருக்கும் உடம்பை அன்றாடம் கவனித்துக்கொள்வது. ஐம்பது மைல் நடைக்கு எடுத்த புகைப்படங்கள் அதைக் காட்டாது.

கென்னடி மோசமான அதிபர் என்பதல்ல என் வாதம். கியூபா ஏவுகணை நெருக்கடியை அத்தனை நோய்களோடுதான் நிதானமாகக் கையாண்டார். நோயாளி நன்றாக ஆள முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆரோக்கியமாகத் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவரைப் பொய் சொல்ல வைத்தது, அதுதான் என் ஆதங்கம். மக்கள் தோற்றத்துக்குப் பரிசு கொடுத்தால் தலைவர்கள் தோற்றத்தைத்தான் தயாரிப்பார்கள்.

வேறு வழியும் இருந்தது. 1955 செப்டம்பர் 24 அன்று டென்வரில் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. முதல் நாள் 27 குழி கோல்ஃப் ஆடிய மனிதர், எடையில் கண்டிப்பானவர், நாளைக்கு நாலு பாக்கெட் சிகரெட்டை 1949இலேயே விட்டவர். காலையில் வயிற்றுக் கோளாறு என்றுதான் சொன்னார்கள். மாலைக்குள் உண்மை வெளியானது. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்பது அதிபரின் உத்தரவு. இதயநோய் நிபுணர் பால் டட்லி ஒயிட் பத்திரிகையாளர்களை உட்காரவைத்து, மாரடைப்பு என்றால் என்ன, எவ்வளவு நாளில் தேறும், அதிபரின் மலம் கழிந்ததா என்பதுவரை விளக்கினார். திங்கட்கிழமை பங்குச்சந்தை ஆறு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது, உண்மைதான். ஆனால் நாடு இதயநோயைப் பற்றிக் கற்றுக்கொண்டது. அடுத்த வருடம் குடல் அறுவையும் நடந்தது. எல்லாம் தெரிந்த பிறகுதான் 1956இல் 457 தேர்தல் குழு வாக்குகளோடு, முதல் முறையைவிடப் பெரிய வெற்றியைத் தந்தார்கள். உண்மையைச் சொன்னால் மக்கள் தாங்கிக்கொள்வார்கள்.

ஓடும் தலைவர்களின் காலம் அதன் பிறகு வந்தது. 1979 செப்டம்பரில் கேம்ப் டேவிட் அருகே பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கார்ட்டர் தளர்ந்து சரிந்தார். வாய் திறந்து, கண் சொருகிய அந்தப் படம் ஆட்சியின் பலவீனத்துக்கே சான்றாகக் காட்டப்பட்டது. 54 வயதில் மலைச்சரிவில் பந்தய ஓட்டம் ஓடக்கூடியவர் பலவீனர் ஆகிவிட்டார். அவர் 2024இல் நூறு வயதைத் தொட்டார், அந்த வயதை எட்டிய முதல் அமெரிக்க அதிபர். கிளின்டனும் ஜாக்கிங் போனவர்தான், 2004இல் இதயத்தில் நாலு இடத்தில் பைபாஸ் செய்ய வேண்டியிருந்தது.

நம் காலத்து உதாரணம் கிறிஸ் கிறிஸ்டி. 2009இல் நியூ ஜெர்ஸி ஆளுநர் தேர்தலில் எதிர்த்தரப்பு அவர் காரிலிருந்து இறங்கும் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, எடையைக் குத்திக்காட்டும் வார்த்தைகளோடு விளம்பரம் செய்தது. குண்டு என்று சொல்ல நினைத்தால் நேராகச் சொல்லுங்கள் என்றார் அவர். ஜெயித்தார். 2012 கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதிபராக முடியாத அளவு குண்டா என்றே முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். வெள்ளை மாளிகை முன்னாள் மருத்துவர் ஒருவர், பரிசோதிக்காமலே, அவர் பதவியில் இறந்துவிடக்கூடும் என்று கவலை தெரிவித்தார். 2013 பிப்ரவரியில் கிறிஸ்டி ரகசியமாக இரைப்பையில் பட்டை பொருத்தும் அறுவை செய்துகொண்டார். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று மே மாதம் சொன்னபோது, இல்லை, அதிபர் பதவிக்காக என்றார்கள். குறைக்காவிட்டால் ஒழுக்கமில்லை, குறைத்தால் பதவி ஆசை. அதே வருடம் செப்டம்பரில் அவருடைய உதவியாளர்கள் ஒரு பாலத்தின் வழித்தடங்களை அடைத்து ஃபோர்ட் லீ ஊரையே முடக்கினார்கள். கிறிஸ்டிமேல் வழக்கில்லை, தனக்குத் தெரியாது என்றார். ஆனாலும் அவருடைய தேசிய அரசியல் கனவை முடக்கியதில் அந்தப் பாலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் நாடு அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். ரோலிங் தம்பதி 2008, 2012 ஆண்டுகளின் செனட் போட்டியாளர்களை ஆராய்ந்தார்கள். பருமனானவர்கள் மக்கள்தொகையில் இருக்கும் விகிதத்தைவிட வேட்பாளர் பட்டியலில் குறைவாகவே இருந்தார்கள். ஒல்லியானவருக்கும் கனமானவருக்கும் போட்டி என்றால் ஒல்லியானவருக்கு வாக்கு விகிதம் கூடுதலாக அமைந்தது. 2010இல் வெளியான இன்னொரு சோதனையில் கற்பனை வேட்பாளர்களின் படங்களைக் காட்டினார்கள். பருமனான பெண் வேட்பாளருக்கு மதிப்பெண் சரிந்தது. பருமனான ஆணுக்கோ கூடியது. உடம்பை வைத்துத் திறமையை அளக்கிறோம் என்றால் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு எப்படி வரும்? அளக்கப்படுவது ஆரோக்கியம் இல்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

டிரம்பின் எடையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2018 ஜனவரியில் 108 கிலோ என்று வெள்ளை மாளிகை மருத்துவர் அறிவித்தார். பி.எம்.ஐ. 29.9, பருமன் என்ற கோட்டுக்கு மயிரிழை கீழே. உயரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று வாரக்கணக்கில் சண்டை. மறு ஆண்டு 110 கிலோ ஆனதும் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அடுத்த சுற்று. அந்த இரண்டு கிலோவால் எதுவும் மாறவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு இடத்தில் இருந்தது. 2015இல், அதிபராகும் எவரையும்விட ஆரோக்கியமானவர் இவர் என்று சான்று தந்த மருத்துவரே, கடிதத்தின் வாசகத்தை டிரம்ப்தான் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று 2018இல் சொன்னார். பைடன் பக்கம் வந்தால், ஒல்லி, தவறாமல் உடற்பயிற்சி செய்பவர் என்று அறிக்கை, மேடைக்கு ஓடி வருவார். 2024 பிப்ரவரியில் பணிக்குத் தகுதியானவர் என்று மருத்துவர் சொன்னார். நினைவாற்றல் சோதனை அதில் இல்லை. ஜூன் 27 விவாதத்தில் தடுமாறிய பிறகு, ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். இரண்டு கட்சிக்காரர்களும் எதிராளியின் உடம்பைக் கேலி செய்வதில் காட்டிய சுறுசுறுப்பை, தம் தலைவரிடம் முழு மருத்துவ அறிக்கை கேட்பதில் காட்டவில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் வேட்பாளர் மருத்துவ அறிக்கை தந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. 2008இல் குடியரசுக் கட்சி வேட்பாளரான 71 வயது ஜான் மக்கெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைச் செய்தியாளர்களிடம் சில மணி நேரம் காட்டினார், நகல் எடுக்க விடவில்லை. அதுவே தாராளம் என்று கருதப்பட்டது. 1967இல் வந்த 25ஆவது திருத்தம், அதிபர் செயலிழந்தால் அதிகாரத்தைத் துணை அதிபரிடம் மாற்ற வழி சொல்கிறது. செயலிழந்தாரா என்று மருத்துவ ரீதியில் யார் சொல்வது என்பதைச் சொல்லவில்லை. அதிபரின் மருத்துவர் அதிபருக்குக் கீழ் வேலை செய்பவர், நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். எதை வெளியிடுவது என்பது நோயாளியின் விருப்பம். இந்த ஓட்டையை நேராகச் சுட்டிக்காட்டியவர் கார்ட்டர்தான். 1994இல் ஒரு மருத்துவ இதழில், அதிபரின் சிகிச்சையில் சம்பந்தப்படாத, கட்சி சாராத மருத்துவர்கள் இதைத் தீர்மானிக்கும் முறை வேண்டும் என்று எழுதினார். அப்படி ஒரு குழு இன்னும் அமையவில்லை.